ஏரிக்கரையில் ஒரு விசாரணை

எருமப்பட்டியில் விடியற்காலையில் கோழி கூவி எழுப்பும் என்று நம்பி யாரும் படுக்கப் போகக் கூடாது. நாம் அப்படி நம்பி ஏமாந்தவர்கள். நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில் உள்ள அந்த ஊரைச் சுற்றிலும், வடக்கே கொல்லிமலை அடிவாரம் வரையில், நீள நீளமான கொட்டகைகளில் எத்தனையோ லட்சம் கோழிகள் வாசம் செய்கின்றன. ஆனால் அவை எல்லாம் முட்டைக்காக வளர்க்கப்படும் பெட்டைகள். பேருக்குக் கூட ஒரு சேவல் கிடையாது. ஆகையால் தை மாதத்து இருட்டில் மூன்று மணிக்கு நம்மை எழுப்பிய புண்ணியம் ஒரு கடிகாரத்தையே சேர்ந்தது.

அந்த ஊரில் முட்டைப் பண்ணை வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர் நமக்கு உண்டு. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். கரும்பும் பொங்கலும் ஜீரணமான பிறகு, "நாளைக்கு அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரிக்குப் போய் வெளிநாட்டுப் பட்சிகளைப் பார்த்துவிட்டு வரலாமா?" என்று கேட்டோம். அவர் முகம் உடனே மாறிவிட்டது.

"ஏனுங்க, வேற இடமே கிடைக்கலீங்களா? நம்ம பொழப்பைக் கெடுக்க வந்த எமனுங்களாச்சே அதுங்க!" என்றார்.

பட்சிகளைக் கண்டால் கவிஞர்கள் உருகுவதையும், வேட்டைக்காரர்கள் நாக்கில் ஜலம் ஊற நிற்பதையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பட்சி என்றதும் கோபித்துக் கொண்டவரை அன்றுதான் பார்த்தோம். காரணத்தைக் கேட்டபோது அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே தோன்றியது.

நாமக்கல் வட்டாரத்தில் நாள் ஒன்றுக்கு நாலு கோடிக்கு மேல் முட்டைகள் உற்பத்தியாகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மத்தியான உணவுக்கும், கேரள தேசத்துக்கும், கடல் கடந்து அரபு நாடுகளுக்கும் அவை போகின்றன. 2006-ம் வருஷம் பிப்ரவரி மாதம் மகாராஷ்டிரத்தில் நவாபூர் என்னும் ஊரில் பறவைக் காய்ச்சல் கண்டது. பாரத தேசத்தில் அந்த நோய் தலைகாட்டியது அதுவே முதல் தடவை. நவாபூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எத்தனை மலை, எத்தனை நதி! நாமக்கல்லில் ஒரு கோழிக்குத் தும்மல் கூட வரவில்லை. ஆனால் ஜனங்கள் முட்டையைக் கண்டு பயந்தார்கள். வெளிநாட்டு வியாபாரம் நின்றது, விலை படுத்துவிட்டது. வாங்குவார் இல்லாத முட்டை அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்குப் பார்த்த அந்த நாட்களை நமது சிநேகிதர் இன்னும் மறக்கவில்லை. 2021 ஜனவரியில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கத்து வாத்துகளுக்கு அதே வகை நோய் வந்தபோது அவர் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லையாம்.

"அதே ஜனவரியிலே இமாசலத்திலே ஒரு ஏரியிலே நாலாயிரத்துக்கு மேல செத்து மிதந்துச்சே, அது எந்தப் பட்சிங்க?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

நமக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது. பியாஸ் நதியின் மேல் கட்டிய போங் அணையில் நடந்த சங்கதி அது. செத்தவற்றில் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். கரைவெட்டியில் நாம் பார்க்க ஆசைப்பட்டதும் சாட்சாத் அந்த வரித்தலை வாத்தைத்தான்.

இப்படியாக, உல்லாசப் பிரயாணமாகப் புறப்பட வேண்டியது ஒரு விசாரணைக் கமிஷனாக மாறிவிட்டது. குற்றவாளி வரித்தலை வாத்து. வாதி நமது சிநேகிதர். நீதிபதி ஸ்தானத்தை நாமே எடுத்துக்கொண்டோம். அவர் ஒரு நிபந்தனையின் பேரில் வர இசைந்தார். ஏரிக்குப் போய் வந்த காலோடும் துணியோடும் பண்ணைக்குள் நுழைவதில்லை. மூன்று நாளைக்கு மைத்துனரே பண்ணையைப் பார்த்துக்கொள்வது. பண்ணை வாசலில் லாரிச் சக்கரங்கள் மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏறுவதற்கு ஒரு தொட்டி, மனிதர்கள் கால் நனைப்பதற்கு ஒரு தொட்டி என்று கட்டி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் போகிறவன் கூட அவ்வளவு ஆசாரமாகக் கால் கழுவுவதில்லை.

துறையூர், பெரம்பலூர், அரியலூர் என்று மூன்று மணி நேரம் மோட்டாரில் போனோம். வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை; அரியலூரை நெருங்கியதும் சுண்ணாம்புக் கல் லாரிகள் வந்து பனியோடு புழுதியையும் கலந்து கொடுத்தன. அரியலூருக்குத் தெற்கே தஞ்சாவூர்ச் சாலையில் கீழப்பழுவூர் என்று பலகையைப் பார்த்ததும் நமக்குத் தூக்கம் பறந்துவிட்டது. பழுவேட்டரையர்களின் பழுவூர் அல்லவா! சோழர்களுக்குப் பெண் கொடுத்தும் போர்க்களத்தில் துணை நின்றும் வாழ்ந்த குறுநில மன்னர்கள் கட்டிய கற்கோயில்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் நிற்கின்றன. இறங்கிப் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. "பட்சி போயிருமுங்க" என்றார் சிநேகிதர். வாதியே அவசரப்படும்போது நீதிபதி தாமதிக்கலாமா?

ஏரியை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. கரையின் மேல் ஏறி நின்றோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பனி, பனிக்குக் கீழே சத்தம். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் தாழ்ந்த குரலில் வம்பளந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். நடுநடுவே சீழ்க்கை, எங்கேயோ ஒரு கனைப்பு. பிறகு சூரியன் கிளம்பிப் பனித்திரை மெல்ல விலகிற்று. நாடகக் கொட்டகையில் திரை தூக்கும்போது குழந்தைகள் விடும் பெருமூச்சு நமது சிநேகிதர் வாயிலிருந்து கிளம்பியதை நாம் கேட்டும் கேளாதது போல் இருந்துவிட்டோம்.

ஏரியின் பரப்பு சுமார் 454 ஹெக்டேர். நமது குடியானவர்கள் கணக்கில் 1,100 ஏக்கருக்கு மேல். செங்கற்பட்டு ஜில்லாவில் பெயர் பெற்ற வேடந்தாங்கல் ஏரியைப் போலப் பதினைந்தை இதற்குள் அடக்கிவிடலாம். 1999-ல் சர்க்கார் இதைப் பறவைகள் சரணாலயமாக ஆக்கினார்கள். 1971-ல் பாரசீக நாட்டில் காஸ்பியன் கடற்கரையில் உள்ள ராம்சார் என்னும் ஊரில் கூடிப் பல தேசத்தார் நீர்நிலைகளைக் காப்பாற்ற உடன்படிக்கை செய்தார்கள். அந்த உடன்படிக்கையின் ஜாபிதாவில் 2024 ஜனவரியில் கரைவெட்டியின் பெயரும் ஏறிற்று. இங்கே 198 வகைப் பட்சிகளைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாம் 198-ஐயும் பார்த்துவிட்டோம் என்று சொன்னால் நேயர்கள் நம்பமாட்டார்கள். நிச்சயமாக அடையாளம் தெரிந்தவை 31. நெற்றியில் வெள்ளை நாமம் போட்டுக்கொண்டு கறுப்புக் கறுப்பாக மிதந்தவை நாமக்கோழிகள். நாமக்கல்லிலிருந்து வந்தவர்களை முதலில் அவை வரவேற்றது மிகவும் பொருத்தம். வாலில் ஊசி செருகினாற்போன்ற ஊசிவால் வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பின்பாகத்தை மாத்திரம் ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தன. கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் எழுதிய நீலச்சிறகிகள், அலகே அகப்பையான தட்டைவாயன்கள், நடுவில் சந்து விட்ட அலகோடு நத்தைகுத்தி நாரைகள். கருவேல மரங்களின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து, தோய்த்த வேஷ்டியை உலர்த்துவது போல் உலர்த்திக்கொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் ஏழு வரிசையாக வந்து தண்ணீரில் இறங்கின. அவ்வளவு பெரிய சரீரம் அவ்வளவு அலுங்காமல் இறங்குவதை நாம் ஆகாய விமான நிலையத்திலும் கண்டதில்லை.

"குற்றவாளி எங்கீங்க?" என்றார் சிநேகிதர்.

அந்தக் குற்றவாளி தண்ணீரிலேயே இல்லை. காவல்காரர் ஒருவர், "சார், சத்தம் போடாம அந்தத் தெற்குப் பக்கம் பாருங்க" என்று கை காட்டினார். தண்ணீர் வடிந்து புல் முளைத்த திட்டு ஒன்றில் சாம்பல் நிறமான பெரிய பட்சிகள் ஒரு கூட்டம், ஊர்ப் பொது மேய்ச்சலில் மாடு மேய்வது போல், தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். வெள்ளைத் தலையின் பின்புறத்தில் கறுப்பாக இரண்டு பட்டைக் கோடுகள், கழுத்தின் இருமருங்கிலும் வெள்ளைக் கீற்று, மஞ்சள் கால். எண்ணினோம், 43. எல்லாம் மேய்வதில்லை. எப்போதும் நாலைந்து கழுத்தை நிமிர்த்திக் காவல் நிற்கின்றன. அவை குனிந்தால் வேறு நாலைந்து நிமிருகின்றன. யாரும் மணி அடிப்பதாகத் தெரியவில்லை.

இந்த 43 பேரும் எங்கிருந்து வருகிறார்கள் என்று சிநேகிதருக்குச் சொன்னோம். வரித்தலை வாத்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது மங்கோலியா, சீனத்தின் சிங்காய் பிரதேசம், திபெத், நமது லடாக் முதலிய உயர்ந்த இடங்களின் ஏரிக்கரைகளில். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை போட்டு விட்ட வாத்துகளை மைசூர்ப் பக்கத்து ஏரிகளில் கண்டிருக்கிறார்கள். அங்கிருந்து இங்கே வர நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நடுவில் ஹிமாலயம் நிற்கிறது. ராஜபாட்டை இருப்பது போல் அந்தப் பர்வதத்தை இந்த வாத்துகள் தாண்டுகின்றன.

எப்படித் தாண்டுகின்றன என்பதைச் சில வருஷங்களுக்கு முன் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் வேறு தேசத்தாரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். வாத்துகளின் முதுகில் சிறு கருவிகளைக் கட்டி, ஆகாயத்திலுள்ள உபக்கிரகங்களின் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தை எட்டியது தெரிந்தது. மற்றபடி வீண் சாகசம் அவற்றுக்குப் பிடிப்பதில்லை. மலை ஏறினால் கூடவே ஏறி, பள்ளத்தாக்கு இறங்கினால் கூடவே இறங்கி, தரையை ஒட்டியே பறக்கின்றன. இரவிலும் விடியற்காலையிலும் குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும். சிறகுக்குப் பிடிமானம் அதிகம். அந்த வேளையையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றன. வடக்கே திரும்பும்போது ஏழெட்டு மணி நேரத்தில் தாழ்ந்த சமவெளியிலிருந்து சிகரப் பக்கம் ஏறிவிடுகின்றனவாம். மனிதன் அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு உயரம் போனால் மூச்சு முட்டி விழுவான். இந்த வாத்தின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஓர் அணுவளவு வேற்றுமை உண்டு. அதனால் மெலிந்த காற்றிலிருந்தும் அது பிராணவாயுவைப் பற்றி இழுத்துக்கொள்கிறது. சரீரத்தின் எடையோ இரண்டிலிருந்து மூன்று கிலோ.

"நம்ம கோழி கொட்டகையை விட்டு வெளியே போட்டா வேலியைத் தாண்டாதுங்க" என்றார் சிநேகிதர். குரலில் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது.

இந்த வாத்துதான் நமது புலவர்கள் பாடிய அன்னம் என்று சொல்கிறவர்கள் உண்டு. புறநானூற்றில் பிசிராந்தையார், தென்குமரித் துறையில் இரை தின்றுவிட்டு வடமலைக்குப் போகும் அன்னத்தைக் கூப்பிட்டு, வழியில் உறையூரில் இறங்கிக் கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லச் சொல்கிறார். உன் பேடைக்கு அவன் ஆபரணம் கொடுப்பான் என்றும் ஆசை காட்டுகிறார். கரைவெட்டியிலிருந்து உறையூர் நாற்பது ஐம்பது கிலோமீட்டர்தான். நாம் உணர்ச்சி மேலிட்டு இதைச் சொல்லிக்கொண்டே போனபோது சிநேகிதர் குறுக்கிட்டு, "அங்க என்னங்க இரை தின்னுச்சு?" என்று கேட்டார். அயிரை மீன் என்றோம். அவர் புல் மேய்ந்துகொண்டிருந்த கூட்டத்தைக் காட்டி, "அப்ப அது வேற பட்சிங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தமிழ்ப் பண்டிதர்கள் பதில் சொல்லட்டும். நாம் வாயை மூடிக்கொண்டோம்.

பத்து மணி சுமாருக்கு ஏரியில் திடீரென்று ஒரு கலவரம். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைகளின் மேல் தாழ்வாக ஆடி ஆடி வந்தது. அவ்வளவுதான், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரையில் தண்ணீரே கிளம்பி ஆகாயத்தில் ஏறுவது போலச் சிறகிகளும் ஊசிவால்களும் எழும்பின. இறக்கைச் சத்தம் ரயில் பாலத்தின் மேல் போவது போல் காதை அடைத்தது. வானத்தில் மும்முறை வட்டமிட்டு, பருந்து போன பின் இறங்கி, ஒன்றும் நடவாதது போல் மறுபடியும் பின்பாகத்தைக் காட்டத் தொடங்கின. வரித்தலை வாத்துகள் மட்டும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்ததோடு சரி. எவரெஸ்டுக்குப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பருந்துக்காக எழுந்திருப்பார்களா?

மத்தியானம் புளிய மரத்து நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். அவித்த முட்டைகள் பன்னிரண்டு இருந்தன. எந்தப் பண்ணை முட்டை என்று சொல்லத் தேவையில்லை. விசாரணை அங்கே கிரமமாக நடந்தது.

வலசை வரும் பட்சிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இது முதல் தடவை அல்ல. 1957-ல் மைசூர் ராஜ்யத்தில் சிமோகா ஜில்லா க்யாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மனிதர்களுக்கும் ஜுரம் கண்டது. ருஷ்யாவில் உண்ணிகளால் பரவும் ஒரு மூளை ஜுரத்துக்கு இது உறவு என்று தெரிந்ததும், ருஷ்யாவிலிருந்து வரும் பட்சிகள் தங்கள் உடம்பில் உண்ணியைக் கொண்டுவந்துவிட்டனவோ என்று சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் பண உதவி செய்ய, ஸலீம் அலி அவர்கள் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் 1959 முதல் பட்சிகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்க விட்டார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் எந்தப் பட்சி எங்கிருந்து எங்கே போகிறது என்று நமது தேசத்துக்கு அதனால்தான் பெரிய அளவில் தெரிய வந்தது. குற்றம் சாட்டிய புண்ணியத்தால் குற்றவாளியின் சரித்திரம் கிடைத்தது.

பட்சிகளுக்கும் நமது தேசீயத்துக்கும் அதற்கு முன்பே ஒரு சம்பந்தம் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1885-ல் காங்கிரஸ் மகாசபை உதயமாவதற்கு முன்னின்ற ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம், பாரத தேசத்துப் பட்சிகளைப் பற்றி அந்தக் காலத்தில் அவரைவிட அறிந்தவர் இல்லை எனப் பெயர் வாங்கியவர். அவர் சேகரித்த பட்சித் தோல்கள் எண்பதினாயிரம் என்னும் அளவில் இருந்தன. பல வருஷம் உழைத்து எழுதிய பெரிய நூலின் கையெழுத்துப் பிரதியைச் சிம்லா வீட்டில் வைத்திருந்தார். வேலைக்காரன் ஒருவன் அதைக் கடைத்தெருவில் பழைய காகிதமாக எடை போட்டு விற்றுவிட்டான்! மனம் வெறுத்த ஹ்யூம் சேகரத்தைப் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குக் கொடுத்துவிட்டார். காங்கிரஸ் பிறந்ததும் அதே வருஷந்தான்.

இனி வழக்குக்கு வருவோம். இப்போது உலகத்தை ஆட்டிவைக்கும் எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் கிருமியின் மூதாதை 1996-ல் தென்சீனத்தில் குவாங்டாங் மாகாணத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கே கண்டார்கள்? மனிதன் பண்ணையில் வளர்த்த வாத்தினிடத்தில். அடுத்த வருஷம் ஹாங்காங்கில் கோழிச் சந்தைகளில் பரவி மனிதர்களையும் தொட்டது. 2005 மே மாதம் சிங்காய் ஏரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட காட்டுப் பட்சிகள் மாண்டன. அவற்றில் வரித்தலை வாத்துகள் ஏராளம். அந்தச் சாவுக்குப் பிறகுதான் கிருமி மேற்கே ஐரோப்பா வரையிலும் ஆப்பிரிக்கா வரையிலும் போயிற்று. அதைக் கொண்டுபோனதில் காட்டுப் பட்சிகளுக்குப் பங்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. கோழி வியாபார லாரிகளுக்கும் பங்கு உண்டு.

சிநேகிதர் ஒரு முட்டையை உரித்துக்கொண்டே சற்று யோசித்தார். "அப்ப நோவு எங்க சாதிக்காரங்க வீட்டிலேதான் பொறந்துச்சுன்னு சொல்றீங்க" என்றார். சாதிக்காரர்கள் என்று அவர் சொன்னது பண்ணைக்காரர்களை. பிறகு, "இருந்தாலும் இப்ப அது பட்சிகிட்ட இருக்குதுங்களே?" என்றார். அதுவும் உண்மைதான். நீதிபதிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் ஆயக்கட்டுக் குடியானவர் ஒருவர், தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டு நிழலுக்கு வந்து உட்கார்ந்தார். சம்பா அறுப்பு முடிந்த வயலில் உளுந்து தெளித்திருக்கிறாராம். இந்த வாத்துகள் ராத்திரியில் வயலில் இறங்கி முளையைக் கொறிப்பது உண்டா என்று கேட்டோம்.

"உண்டுங்க ஐயா. திங்கும்" என்றார்.

"விரட்ட மாட்டீர்களா?"

"தகரத்தைத் தட்டுவோம். அடிக்கிறதில்லை." கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். "இதுங்க வராத வருஷம் நாங்க நடவு நட்டதில்லீங்க."

இந்த வார்த்தையின் தாத்பரியம் நமக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. கரைவெட்டி தானாக ஊறும் ஏரி அல்ல. சேலம் ஜில்லாவில், 1925-ல் தொடங்கி 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் காவேரி நிரம்ப வேண்டும். அங்கே திறந்த தண்ணீர் பள்ளிபாளையம், மோகனூர் என்று நமது சிநேகிதருடைய ஜில்லா ஓரமாகவே ஓடி வந்து, முக்கொம்புப் பக்கம் வடகரையில் புள்ளம்பாடி வாய்க்காலில் திரும்பி, மேடு பள்ளம் சுற்றி இந்த ஏரியில் விழ வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையும் பெய்ய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஏரி குறை. இரண்டும் தவறினால் ஏரியில் ஆடு மேயும். 2016-ல் காவேரியும் கைவிட்டு, வடகிழக்குப் பருவமழையும் தமிழ்நாடு முழுவதும் பாதிக்கு மேல் பொய்த்துப் போனதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் வடக்கேயிருந்து வரும் பட்சி இங்கே இறங்கி என்ன செய்யும்?

இன்னும் ஒரு விசித்திரம். ஏரி தளும்பத் தளும்ப நிறைந்திருந்தாலும் இவற்றுக்கு உதவாது. ஊசிவாலும் சிறகியும் முக்குளித்து மூழ்கத் தெரியாதவை. தலையை மாத்திரம் விட்டு எட்டிய ஆழத்தில்தான் இரை எடுக்கும். வரித்தலை வாத்துக்கோ கரையோரப் புல் வேண்டும். குடியானவர்கள் மதகைத் திறந்து நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச, ஓரங்களில் ஆழம் குறைந்து சேறும் புல்லும் வெளிப்படுகின்றன. சரியாக அந்த மாதங்களில் பட்சிகள் வந்து சேருகின்றன. மேய்ச்சல் நிலத்தை அவற்றுக்குத் தயார் செய்து கொடுப்பது மதகும் மண்வெட்டியுந்தான். 'சரணாலயம்' என்று பலகையில் எழுதியவர்கள் இந்த மதகின் பெயரையும் ஓர் ஓரத்தில் எழுதியிருக்கலாம்.

வேடந்தாங்கல் குடிகள் இதை வெகு காலத்துக்கு முன்பே கண்டவர்கள். பட்சிகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்பது அவர்கள் அனுபவம். கம்பெனிச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது, கலெக்டர் லயனல் ப்ளேஸ் என்பவரிடம் முறையிட்டு, 1798-ல் பட்சிகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் எழுதி வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். சர்க்கார் அதைச் சரணாலயமாக ஒப்புக்கொண்டது 1936-ல்தான். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்துப் பிள்ளைகள் பட்சிகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. ஒரு சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களுக்குப் பதிலாக ஒரு தடவை மதராஸ் பிள்ளைகளைச் சும்மா இருக்கச் சொல்லிப் பார்க்கட்டும்!

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி கரை ஏறினோம். கமிஷனின் வேலை பாக்கி இருந்தது. ஆனால் வாதி தூரதிருஷ்டிக் கண்ணாடியை நம்மிடம் கொடுக்க மறுத்துவிட்டார். அரை மணி நேரம் அது அவர் கண்ணைவிட்டு இறங்கவில்லை. சூரியன் கருவேல மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும் வாத்துக் கூட்டத்தில் ஓர் அசைவு தெரிந்தது. முதலில் ஒன்று கனைத்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கனைத்துக்கொண்டு, 43-ம் எழும்பி, ஆகாயத்தில் கலைந்து, சேர்ந்து, கோடு பிடித்து, நமது தலைக்கு மேலாகவே வயல்களை நோக்கிப் போயின. இறக்கை காற்றை அறுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவை போன பிறகும் சிநேகிதர் அண்ணாந்தபடியே நின்றார்.

"இதுங்க எப்பத் திரும்பிப் போகுமுங்க?"

"மாசி பங்குனியில் போய்விடும்" என்றோம்.

"கூண்டுக்கு மேல வலை அடிக்கணும்னு மூணு வருசமா சொல்லிக்கிட்டிருக்கிறேன். தண்ணித் தொட்டியும் மூடாமத்தான் கிடக்குது. காக்காய் வந்து குடிச்சிட்டுப் போகுது. நாளைக்கே ஆளை விட்டு மூடச் சொல்லணும்" என்றார். யாருக்கோ உத்தரவு கொடுப்பது போல இருந்தது. வழக்கைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை. தீர்ப்புச் சொல்லும்படி யாரும் நம்மைக் கேட்கவும் இல்லை.

திரும்பும் வழியில் துறையூர்க் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினார். ஏரிச் சேறு படிந்த பழைய செருப்பை ஒரு சாக்கில் போட்டு, வாயை இறுகக் கட்டி, "இது எங்க ஊருக்குள்ள வரக்கூடாதுங்க, உங்களோடயே இருக்கட்டும்" என்று நமது வண்டியின் பின்பக்கத்தில் வைத்துவிட்டார். எருமப்பட்டியில் பண்ணைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மைத்துனர் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டார். சாக்கு இன்னும் நம்மிடந்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று கேட்டு அவருக்கு எழுதினோம். வருகிற தை மாதம் வரையில் பத்திரமாக வைத்திருக்கும்படி பதில் வந்திருக்கிறது.